ஒரே பயிற்சிக்கு மூன்று விடை வருவது ஏன், தமிழில் போட்டால் குழம்புவது ஏன்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். நீங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இப்போது பி.சி.ஏ. முதல் வருஷம். வகுப்பில் கொடுத்த பயிற்சி: இரண்டு சொற்களை வாங்கி, எழுத்துகளை ஒப்பிட்டு, பொதுவான எழுத்துகள் எத்தனை என்று சொல்ல வேண்டும், பைத்தான் என்ற நிரல்மொழியில். கேரளா, பாலக்காடு இரண்டையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் கொடுத்தால் உங்கள் நிரல் 9 என்கிறது, நண்பருடையது 3 என்கிறது, சார் கொடுத்த தாளில் 4 என்று இருக்கிறது. சரி, தமிழிலேயே போட்டுப் பார்ப்போம் என்று சித்தூர், கொழிஞ்சாம்பாறை என்று கொடுத்தால் 6 வருகிறது, ஆனால் கண்ணால் பார்த்தால் அந்த இரண்டு சொல்லிலும் ஒரு எழுத்துகூடப் பொதுவாக இல்லை, அச்சிட்டுப் பார்த்தால் புள்ளி வட்டத்தோடு துண்டு துண்டாக ஏதோ வருகிறது. "என் லூப்பில் என்ன தப்பு, தமிழில் இதைச் செய்யவே முடியாதா" என்று முடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது லூப்பைப் பற்றி, அதாவது எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வரிகளைப் பற்றி. ஆனால் அதற்குள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. "ஒப்பிடுவது" என்றால் எதை எதோடு எப்படி, என்பது ஒன்று. "எழுத்து" என்றால் கணினிக்கு எது, நமக்கு எது, என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் தீர்மானிக்காமல் லூப்பை எத்தனை தடவை மாற்றி எழுதினாலும் எண் மாறுமே தவிர, எது சரி என்று உங்களுக்கே தெரியாது. நான் சித்தூர் தாலுகாவில் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன், அதற்கு முன்பு பெயர்ப் பட்டியல்களை ஒன்றோடொன்று சரிபார்க்கும் மென்பொருள் வேலையில் இருந்தேன், அதனால் இந்தப் பயிற்சி எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் 9. முதல் சொல்லின் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டாவது சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து, சமமாக இருந்தால் ஒன்று கூட்டுகிறீர்கள். முதல் சொல் கே-இ-ஆர்-ஏ-எல்-ஏ. இரண்டாவது பி-ஏ-எல்-ஏ-கே-கே-ஏ-டி. முதலாவதில் ஏ இரண்டு, இரண்டாவதில் மூன்று, ஆக 2 பெருக்கல் 3, அதாவது 6. கே ஒன்றும் இரண்டும், ஆக 2. எல் ஒன்றும் ஒன்றும், ஆக 1. கூட்டினால் 9. அதாவது லூப் தப்பே செய்யவில்லை, நீங்கள் எண்ணச் சொன்னதைத்தான் எண்ணியிருக்கிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரும் பெண் வீட்டார் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னால், வணக்கங்களை எண்ணி ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது இல்லையா, அதுதான் நடந்திருக்கிறது. நீங்கள் எண்ணியது ஜோடிகளை. ஜோடிகள் வேண்டும் என்று கேட்கும் கணக்கு எங்காவது இருக்கலாம், ஆனால் "பொதுவான எழுத்துகள் எத்தனை" என்ற கேள்விக்கு 9 விடையாக முடியாது, ஏனென்றால் முதல் சொல்லில் மொத்தமே 6 எழுத்துதான். 6 எழுத்துள்ள சொல்லில் 9 எழுத்து எப்படிப் பொதுவாக இருக்கும்? விடை வந்ததும் இப்படி ஒரு கேள்வியை அதனிடம் கேட்டுவிடுங்கள், பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபடும்.

உங்கள் நண்பரின் 3 வேறு கேள்விக்கான விடை. அவர் இரண்டு சொற்களையும் செட் ஆக்கி, இரண்டுக்கும் பொதுவானதை எடுத்திருப்பார். செட் என்பதில் ஒரு எழுத்து ஒரு தடவைதான் இருக்கும், எத்தனை முறை வந்தது என்ற தகவல் போய்விடும். ஏ, கே, எல், ஆக மூன்று வகை. "எந்தெந்த எழுத்துகள் இரண்டிலும் வருகின்றன" என்று கேட்டால் இதுதான் சரியான விடை, முழு மதிப்பெண் போட வேண்டும்.

சார் தாளில் உள்ள 4, எத்தனை முறை வந்தது என்பதையும் கணக்கில் எடுத்தது. ஏ முதலாவதில் இரண்டு, இரண்டாவதில் மூன்று, இரண்டிலும் குறைந்தது எதுவோ அது, 2. கே 1. எல் 1. மொத்தம் 4. இதைச் செய்யப் பைத்தானில் கவுன்ட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது, இரண்டு கவுன்ட்டர்களுக்கு நடுவில் அந்த "மற்றும்" குறியைப் போட்டால் குறைந்ததை அதுவே எடுத்துக் கொடுக்கும். ஆனால் ஆரம்பத்தில் அதைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. கையால் இப்படிச் செய்யுங்கள்: இரண்டாவது சொல்லை ஒரு லிஸ்ட்டாக மாற்றி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுங்கள். அந்த எழுத்து நகலில் இருக்கிறதா? இருந்தால் கணக்கில் ஒன்று கூட்டி, நகலிலிருந்து அந்த எழுத்தை ஒரே ஒரு தடவை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்ததற்குப் போங்கள். உங்கள் நிரலில் இல்லாதது அந்த நீக்குதல் மட்டும்தான். ஒருமுறை ஜோடி சேர்ந்த எழுத்து மறுபடியும் வேறொன்றோடு ஜோடி சேரக் கூடாது, அவ்வளவே. ஒரு எச்சரிக்கை: நீக்குவது இரண்டாவதின் நகலில், லூப் ஓடுவது முதல் சொல்லின் மேல். இரண்டையும் ஒரே லிஸ்ட்டில் செய்தால், ஓடும்போதே கீழே உள்ளவை ஒரு இடம் மேலே நகர்ந்து, ஒரு எழுத்தைப் பார்க்காமலே லூப் தாண்டிவிடும். வகுப்பில் இது நடக்காத வருஷமே கிடையாது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, உங்கள் மூவருக்கும் வராத விடை: 1. இடத்துக்கு இடம் ஒப்பிடுவது. முதல் எழுத்தோடு முதல் எழுத்து, இரண்டாவதோடு இரண்டாவது. அந்த இரண்டு சொற்களிலும் நான்காவது இடத்தில் மட்டும் இரண்டிலும் ஏ வருகிறது, மற்ற எங்கும் பொருந்தவில்லை. பயிற்சித் தாளில் "எழுத்துகளை ஒப்பிடுக" என்று மொட்டையாக இருந்தால் இப்படியும் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. இதைச் செய்யும்போது நீளம் வேறுபட்டால் என்ன செய்வது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். இரண்டு சொல்லிலிருந்தும் ஜோடி ஜோடியாக எடுத்துக் கொடுக்கும் பைத்தானின் ஜிப், குட்டையான சொல் முடிந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடும், இன்டெக்ஸ் போட்டு நீளமான சொல்லின் அளவுக்கு ஓடினால் எல்லை தாண்டிய பிழை வரும். ஒரே நீளமுள்ள இரண்டு சரங்களில் எத்தனை இடங்கள் வேறுபடுகின்றன என்ற இந்த அளவுக்கு ஹாம்மிங் தூரம் என்று பெயர். ரிச்சர்ட் ஹாம்மிங் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது 1950ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது, செய்தி அனுப்பும்போது நடுவில் கெட்டுப்போன பிட்களைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காக.

இடத்துக்கு இடம் பார்ப்பதில் ஒரு பலவீனம் உண்டு, அதை நம் ஊர்ப் பெயரிலேயே பார்க்கலாம். நம் சித்தூரை ஆங்கிலத்தில் சி-ஹெச்-ஐ-டி-டி-யு-ஆர் என்று எழுதுகிறோம். ஆந்திராவில் இருக்கும் சித்தூரை சி-ஹெச்-ஐ-டி-டி-ஓ-ஓ-ஆர் என்று எழுதுகிறார்கள். முதல் ஐந்து இடங்கள் பொருந்தும், அதற்கு அப்புறம் ஒரு எழுத்து கூடிவிட்டதால் எல்லாம் நகர்ந்துவிடும், கடைசியில் இரண்டிலும் ஆர் இருந்தும் அது ஜோடி சேராது. விடை 5. நீக்கி எண்ணும் முறையில் 6. தமிழில் எழுதினால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, கணினி சமம் என்று சொல்லிவிடும், எந்த ஊர் என்று அதற்குத் தெரியாது. இப்படி நகர்ந்துபோன எழுத்துகளையும் சேர்த்துப் பார்க்க 1965ல் விளாதிமிர் லெவன்ஷ்டைன் ஒரு அளவைச் சொன்னார்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பது. இங்கே யு-வை ஓ ஆக்கி, இன்னொரு ஓ சேர்த்தால் போதும், ஆக தூரம் 2. முதல் செமஸ்டரில் இது தேவையில்லை, பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, இதில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 9 உங்கள் பயிற்சிக்கு விடை இல்லை, அது நிச்சயம். 3, 4, 1 மூன்றுமே அதனதன் கேள்விக்குச் சரி, அதுவும் நிச்சயம். தாளில் 4 இருப்பதால் சார் நினைத்தது எத்தனை முறை என்பதையும் சேர்த்த எண்ணிக்கை என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அது என் ஊகம்தான். ஒரே ஒரு மாதிரி விடையை வைத்துக் கேள்வியை முடிவு செய்யக் கூடாது. அவரிடமே போய், "சார், ஒரு எழுத்து இரண்டு தடவை வந்தால் இரண்டாக எண்ணணுமா" என்று கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறவர்கள் நாளின் பெரும்பகுதியை இந்த மாதிரிக் கேள்வி கேட்பதிலேதான் கழிக்கிறார்கள்.

தமிழுக்குப் போவதற்கு முன்னால் ஆங்கிலத்தில் உள்ள சில பொறிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெரிய கே வேறு, சின்ன கே வேறு. கணினிக்குப் பெரிய ஏ 65, சின்ன ஏ 97, நடுவில் எப்போதும் 32 வித்தியாசம். ஊர்ப் பெயர் என்பதால் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால், அந்த ஒரு கே கழன்றுபோய் உங்கள் 9 ஏழாகவும், நண்பரின் 3 இரண்டாகவும், சாரின் 4 மூன்றாகவும் ஆகியிருக்கும். அதனால் முதலில் லோயர் போட்டு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குங்கள். முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை ஸ்ட்ரிப் போட்டு நீக்குங்கள், இல்லாவிட்டால் இடைவெளியும் ஒரு பொதுவான எழுத்தாக எண்ணப்படும். நீங்கள் பிளஸ் டூவில் சி பிளஸ் பிளஸ் படித்திருப்பீர்கள், அடுத்த வருஷம் ஜாவா வரலாம், அதையும் சொல்லிவைக்கிறேன்: பழைய சி-யிலும் ஜாவாவிலும் இரட்டைச் சமக்குறி போட்டால் இரண்டு சொற்களும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கும், எழுத்துகளைப் பார்க்காது. சி-யில் அதற்கு ஸ்ட்ரிங் ஒப்பிடும் தனி ஃபங்ஷன், ஜாவாவில் ஈக்வல்ஸ். பைத்தானில் இரட்டைச் சமக்குறியே எழுத்துகளைப் பார்த்துவிடும், அந்தக் கவலை இல்லை.

இப்போது தமிழ். கொழிஞ்சாம்பாறை என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கொ, ழி, ஞ், சா, ம், பா, றை. ஏழு. இதை நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பைத்தானிடம் நீளம் கேட்டால் 14 என்கிறது. ஏனென்றால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யுனிகோடு முறையில் கொ என்பது ஒரு எழுத்து இல்லை. க ஒரு குறியீட்டு எண், ஒகரக் குறி இன்னொரு எண். ஞ் என்பதில் ஞ ஒன்று, மேலே உள்ள புள்ளி இன்னொன்று. உயிர் எழுத்துகளும் ஆய்தமும் அகரமேறிய மெய்யும்தான் ஒரே எண்ணில் நிற்கும், மற்றதெல்லாம் இரண்டு துண்டு. நாம் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம் என்று 247 எழுத்து படிக்கிறோம், யுனிகோடு தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கியதே 2944 முதல் 3071 வரை 128 இடங்கள்தான், அதிலும் பல காலியாக இருக்கின்றன. இந்த அடுக்கு 1988ல் வந்த இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டு முறையை ஒட்டி அமைந்தது, நம் பக்கத்து மொழிகளும் இதே வரிசையில்தான் நிற்கின்றன. தமிழ் க 2965, தெலுங்கு க 3093, மலையாள க 3349. மூன்றும் அதனதன் கட்டத்தில் சரியாக 21 இடம் தள்ளி உட்கார்ந்திருக்கும். பைத்தானில் ஒரு எழுத்தின் எண்ணைச் சொல்லும் ஆர்டு என்ற ஃபங்ஷனைப் போட்டு நீங்களே பார்க்கலாம், பார்த்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன்.

உங்கள் 6 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். சித்தூரில் சி இருக்கிறது, கொழிஞ்சாம்பாறையில் சா இருக்கிறது. நமக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து, கணினிக்கோ இரண்டிலும் ச என்ற துண்டு இருக்கிறது. சி-யிலும் ழி-யிலும் இகரக் குறி இருக்கிறது. அப்புறம் புள்ளி, த், ர் என்று அங்கே இரண்டு, ஞ், ம் என்று இங்கே இரண்டு, உங்கள் ஜோடிக் கணக்கில் அது மட்டும் 4. மொத்தம் 6. செட் போட்டாலும் 3 வரும். சரியான விடை பூஜ்யம். திரையில் வந்த புள்ளி வட்டம் பிழை இல்லை, பயப்படாதீர்கள். இகரக் குறியைத் தனியாக அச்சிடச் சொன்னால், அது ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாததால் காலி இடத்தைக் காட்ட அந்த வட்டத்தைப் போடுகிறது.

இதையே சி-யில் ஒவ்வொரு கேரக்டராகச் செய்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். யுனிகோடு எண்களைக் கோப்பில் பைட்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கொழிஞ்சாம்பாறை 42 பைட். அந்த மூன்றில் முதல் பைட் தமிழ் முழுவதற்கும் 224தான், இரண்டாவது 174 அல்லது 175. அதனால் எந்த இரண்டு தமிழ்ச் சொல்லை எடுத்து இடத்துக்கு இடம் ஒப்பிட்டாலும், குட்டையான சொல்லின் நீளத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பொருந்திவிட்டதாகச் சொல்லும். 26 அறை கொண்ட ஒரு அரே எடுத்து, எழுத்தின் எண்ணிலிருந்து 97ஐக் கழித்து எண்ணும் முறை புத்தகங்களில் வரும், அது ஆங்கிலச் சின்ன எழுத்துக்கு மட்டும். தமிழைக் கொடுத்தால் அரேயின் எல்லைக்கு வெளியே போய்விடும், ஜாவா கத்தும், சி கத்தாமல் பக்கத்து நினைவகத்தைக் கெடுக்கும்.

தமிழில் செய்ய முடியாதா என்று கேட்டீர்கள். நன்றாகவே முடியும், ஒப்பிடுவதற்கு முன்னால் துண்டுகளைச் சேர்த்து எழுத்துகளாக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு காலி லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். அந்தத் துண்டின் எண் 3006 முதல் 3021 வரைக்குள் இருந்தால், அல்லது 3031 ஆக இருந்தால், அது தனி எழுத்து இல்லை, லிஸ்ட்டில் கடைசியாக உள்ளதோடு ஒட்டிவிடுங்கள். மற்றபடி புதிய உறுப்பாகச் சேருங்கள். காலெழுத்திலிருந்து புள்ளி வரைக்கும் எல்லாக் குறிகளும் அந்த எண்களுக்குள்தான் இருக்கின்றன, 3031 ஔகாரத்தின் பின்பாதி. ஆய்தம் 2947, அது இந்த வரம்புக்கு வெளியே இருப்பதால் தனி எழுத்தாகவே நிற்கும், இலக்கணப்படியும் அதுதான் சரி. ஒரே ஒரு ஓரம் கவனிக்க வேண்டியது: சொல்லின் முதல் துண்டே குறியாக இருந்தால் ஒட்ட எதுவும் இருக்காது, அதற்கு ஒரு சோதனை வையுங்கள். பத்து வரிகூட வராது. இந்த லிஸ்ட்டை அந்த "நீக்கி எண்ணும்" நிரலுக்குக் கொடுங்கள், அதில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். எண்களை மனப்பாடம் செய்யப் பிடிக்காவிட்டால், பைத்தானோடு வரும் யுனிகோடுடேட்டா மாட்யூலில் ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் கேட்கலாம், வகைப் பெயர் எம் என்ற எழுத்தில் தொடங்கினால் அது ஒட்டும் குறி. ஓபன்-தமிழ் என்று ஒரு இலவச நூலகமும் இருக்கிறது, சொல்லைக் கொடுத்தால் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். அதை முதல் தடவை பயன்படுத்தாதீர்கள், நீங்களே ஒருமுறை எழுதிய பிறகு பயன்படுத்துங்கள்.

இன்னொரு சிக்கல் மிச்சம் இருக்கிறது, இது பெரியவர்களையே நாள் கணக்கில் சுற்ற வைக்கும். கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வும் ஒகரக் குறியும் என்று இரண்டு துண்டாக, அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாக. திரையில் துளிகூட வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலோ, வேறொரு கருவியிலிருந்து நகல் எடுத்த சொல்லிலோ மூன்று துண்டு வடிவம் வரக்கூடும், அப்போது கொழிஞ்சாம்பாறையின் நீளம் 15 ஆகி, சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். ஓ, ஔ வரிசைக்கும் இதே கதைதான். இதற்கு மருந்து உண்டு: யுனிகோடுடேட்டாவில் நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன், அதற்கு என்எஃப்சி என்று வடிவத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு சொல்லுக்கும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

ஆனால் நார்மலைஸ் தீர்க்காதவையும் உண்டு. ஔ என்று அடிக்காமல் ஒ போட்டுப் பக்கத்தில் ள போடுவது, தமிழ் எண் ௧-ஐ க என்று நினைத்து அடிப்பது, ௨-ஐ உ என்று நினைப்பது, கால் போட வேண்டிய இடத்தில் ர போடுவது, இதெல்லாம் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், கணினிக்கு முற்றிலும் வேறு. ஸ்ரீ என்பதையும் இரண்டு விதமாக அடிக்கலாம், ஸ-வில் தொடங்கியும் ஶ-வில் தொடங்கியும், பல எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. ஸ-வுக்கு எண் 3000, ஶ-வுக்கு 2998, இரண்டும் வேறு எழுத்து என்பதால் எந்த நார்மலைஸும் அவற்றை ஒன்றாக்காது. இதற்கெல்லாம் நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் எழுத வேண்டியதுதான்.

என் முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். க்ஷ என்பதை அது க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கும். சிலர் அதை ஒரே எழுத்தாகத்தான் எண்ணுவார்கள், கிரந்த எழுத்துகளின் பட்டியலிலும் ஒன்றாகத்தான் போடுகிறார்கள். இதில் கணினி தீர்ப்புச் சொல்லாது, உங்களுக்கு எது வேண்டுமோ அதை முடிவு செய்து, நிரலின் மேலே ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள். உங்கள் வகுப்பில் மலையாளத்தில் செய்து பார்க்கும் நண்பர்கள் இருந்தால், வகையைக் கேட்கும் முறை அங்கேயும் பெரும்பாலும் ஓடும், ஆனால் கூட்டெழுத்துகள் உடைந்து வரும், அதை ஒன்று என்பதா இரண்டு என்பதா என்று மலையாளம் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் கேட்பதே முறை. அவர்களுடைய சில்லு எழுத்துகளில், அதாவது உயிர் சேராமல் தனி வடிவத்தில் நிற்கும் மெய்களில், கூடுதலாக ஒரு தொந்தரவு உண்டு. 2008ல் வந்த யுனிகோடு 5.1தான் அவற்றுக்குத் தனி எண் கொடுத்தது, அதற்கு முன்னால் எழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்றாகச் சேமித்தார்கள். பழைய கோப்பில் உள்ள பெயரும் புதிய கோப்பில் உள்ள பெயரும் பார்க்க ஒன்றாக இருந்தும் பொருந்தாமல் போவது இதனால்தான், என்எஃப்சியும் இதைத் தீர்க்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசு 2010ல் யுனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது, இந்தப் பயிற்சிக்கு அது எவ்வளவோ சௌகரியம், ஆனால் போனிலும் இணையத்திலும் ஓடுவது யுனிகோடுதான், அதனால் துண்டு சேர்ப்பதைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

இதே பாடத்தில் அடுத்து வரப்போவது, சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதேதானா என்று பார்க்கும் பயிற்சி. மலையாளம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பக்கமும் ஒன்றே, அதைத்தான் கொடுப்பார்கள். நீங்கள் விகடகவி என்று கொடுத்துப் பாருங்கள். நமக்கு அது இரு பக்கமும் ஒன்று, பைத்தான் இல்லை என்று சாதிக்கும், ஏனென்றால் திருப்பும்போது கடைசி இகரக் குறி முன்னால் வந்து நின்றுவிடும். எழுத்துகளாகச் சேர்த்த லிஸ்ட்டைத் திருப்பினால் ஆமாம் என்று வரும். அதே ஃபங்ஷன், இரண்டாவது உபயோகம்.

இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. நம் எல்லையோரத்தில் ஒரே ஆளுடைய பெயர் ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஒரு மாதிரி, தமிழ்நாட்டுப் பள்ளி டி.சி.யில் தமிழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி இருக்கும். இனிஷியல் முன்னால், பின்னால், ஒரு ஹெச் கூட, ஒரு ஏ குறைவு. அப்புறம் இருவரும் ஒருவரே என்று ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் வாங்க நிற்க வேண்டும். அந்த வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஸ்ட்ரிங் ஒப்பீட்டில் "சமமில்லை" என்று வந்ததால் நிற்கிறவர்கள். சமமா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கும் நிரல்கள் இருந்தால் அவர்களில் பாதிப் பேரை முன்கூட்டியே சரிபார்த்துவிடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முழுவதையும் இல்லை, ஏனென்றால் இரண்டு வேறு ஆட்களுக்கு ஒரே பெயர் இருப்பதை எந்த எழுத்துக் கணக்கும் பிரிக்காது, அதற்குப் பிறந்த தேதியும் அப்பா பெயரும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மனிதர் வேண்டும். தமிழ், மலையாளம் இரண்டையும் படிக்கத் தெரிந்த, நிரலும் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், அந்த நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இப்போதைக்கு எழுதி முடித்ததும் இவற்றைக் கொடுத்துப் பாருங்கள். பாலக்காடு என்ற சொல்லை ஆங்கிலத்தில் இரண்டு தடவையும் கொடுத்தால் 8 வர வேண்டும். 5 வந்தால் செட் போட்டிருக்கிறீர்கள், 16 வந்தால் இன்னும் ஜோடிகளைத்தான் எண்ணுகிறீர்கள். ஒன்றுமே இல்லாத காலிச் சொல்லைக் கொடுத்தால் பிழை வராமல் 0 வர வேண்டும். தமிழில் கோபாலபுரம், கோவிந்தாபுரம் கொடுங்கள், நீக்கி எண்ணினால் 4, இடத்துக்கு இடம் பார்த்தால் 1. இதில் எதுவாவது பொருந்தாவிட்டால், வந்த எண்ணை மட்டும் சொல்லாமல் சேர்த்த லிஸ்ட்டையும் அச்சிட்டு இங்கே போடுங்கள், எந்த வரியில் பிசகியது என்று பார்த்துச் சொல்கிறேன்.